உள்ளங்கைக்கு வாசித்த நூருல்லா பாய்

செய்தி கடலூர் பேருந்தில் வந்தது. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன். மார்கழிப் பனி விலகவில்லை. உள்ளே வந்த பேருந்தின் விளக்குகள் பாலில் கரைத்த மஞ்சள்போலத் தெரிந்தன. நடத்துநர் படியில் நின்றபடியே என்னைத் தேடினார். எங்கள் மெல்லிசைக் குழுவின் வாத்தியங்களை எத்தனையோ முறை ஏற்றி இறக்கியவர். எங்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும்.

"சார், நம்ம கித்தார் பாய் தவறிட்டாருங்க. காலையில தொழுதுட்டு வந்து படுத்தவரு எழுந்திருக்கவே இல்ல. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சு எடுக்கிறாங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அந்தப் பேருந்து கடலூருக்குத் திரும்பியபோது அதிலேயே ஏறிக்கொண்டேன். முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் பனிக்குள்ளிருந்து எழுந்து மறுபடி பனிக்குள் போயின. அழுகை வரவில்லை. நான் பாதி உறக்கத்தில் இருப்பதாகவும், யாராவது தோளைத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஆலப்பாக்கம் தாண்டும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நூருல்லா பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூரின் பழைய நகரான ஓ.டி.யில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். நெடிய உருவம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதும் நிற்பவர்போல் இருப்பார். இளவயதில் பினாங்கில் இருந்தவர். அங்கிருந்து திரும்பியவர்கள் துணியும் தைலமும் அத்தரும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு கித்தாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கினார். அவருடைய வாப்பா அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டி சரி, வவுத்துல எதுக்குடா ஓட்ட?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் பாய் தம் வாப்பாவைப்போலவே புருவத்தைத் தூக்கிக் காட்டுவார்.

நான் மங்கலம்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். கடலூரில் நீதிமன்றத்து நகல் எழுத்தராக வந்து சேர்ந்தேன். டோலக் வாசிப்பேன். அறுபதுகளின் தொடக்கத்தில் சிதம்பரம் சபாபதி நடத்திய மெல்லிசைக் குழுவில் பாயும் நானும் சேர்ந்தோம். முதல் ஒத்திகையில் பயத்தில் நான் வேகமெடுத்து ஓடினேன். பாய் கித்தாரை நிறுத்தவில்லை. என் பக்கம் குனிந்து, "தாளத்தைத் துரத்தாத மச்சான். நீ நில்லு. அது உன்கிட்ட வரும்" என்றார். நின்றேன், வந்தது. அன்று முதல் அவருக்கு நான் மச்சான்தான்.

ஒத்திகை முடிந்ததும் நாங்கள் டீக்கடைக்குப் போவோம். அவர் மட்டும் கித்தாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "வூட்டுல ஒரு ஆளு காத்துட்டிருக்காங்க. அவுங்களுக்கு இன்னும் வாசிக்கல" என்பார். வேடிக்கை என்று நினைத்தோம். ஏனென்றால் அவருடைய மனைவி சுலைகாவுக்குக் காது கேட்காது.

சுலைகா பரங்கிப்பேட்டைப் பெண். சிறுமியாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சலில் இரு காதுகளும் போயின, பேச்சு மட்டும் போகாமல் தங்கிவிட்டது. உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். வீட்டிலிருந்தபடி பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தார். சில சமயம் தம் குரல் உயர்ந்துவிடுவது அவருக்குத் தெரியாது. அப்போதெல்லாம் பாய் உள்ளங்கையைக் காற்றில் மெல்லக் கீழே இறக்குவார். அந்தக் கை இறங்க இறங்க அவர் குரலும் இறங்கும். என்னைச் சுலைகா "அண்ணே" என்று அழைத்தார். நானும் அந்த வீட்டுக்கு அப்படித்தான் போய்வந்தேன்.

கித்தாரின் வாயான வட்டத் துளைக்குக் கீழே மெல்லிய தட்டு ஒன்று ஒட்டியிருக்கும். பிக்கார்டு என்பார்கள். தந்தியை மீட்டக் கையில் பிடிக்கும் சின்ன வில்லை மரத்தைக் கீறிவிடாமல் அது காக்கும். பாயின் கித்தாரில் அது பழுப்பும் கறுப்பும் கலந்து, ஆமையோடுபோல இருந்தது. வில்லை பட்டுப் பட்டு மேல்பக்கம் மரம் தெரியுமளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஓரம் சுருண்டு எழும்பி, சில சுரங்களுக்கு அதிர்ந்தது. கீழ்ப்பக்கத்திலும் ஓரிடம் மழமழவென்று மங்கியிருந்தது. வில்லை போகாத இடம் அது. ஏன் அங்கே தேய்ந்திருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

சிதம்பரத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். வரவேற்புக்கு எங்கள் கச்சேரி. சபாபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அந்தத் தட்டை மாத்திடுங்க பாய். மைக்குல தேனீ பூந்த மாதிரி கேக்குது." பெயர்ப்பலகை செய்பவரிடமிருந்து கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்றை அவரே வாங்கி அனுப்பினார். கண்ணாடிபோலப் பளபளத்தது. சிலேட்டுபோலக் கனத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பாய் வீட்டில் வேலையைத் தொடங்கினோம். தங்கை மும்தாஜின் பிரசவத்துக்காக சுலைகா பரங்கிப்பேட்டை போயிருந்தார். ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்தோம். பழைய தட்டு வாழைப்பட்டைபோல உரிந்து வந்தது. அடியில் இருந்த மரம், பினாங்குக் கடையில் இருந்த நாளின் வெளுப்போடு அப்படியே இருந்தது. பாய் அதை விரலால் தடவிப் பார்த்து, "இது இன்னும் சின்னப் புள்ளையாவே இருக்கு மச்சான்" என்றார். தட்டின் வடிவத்தைச் செய்தித்தாளில் வரைந்து, தகட்டை அறுத்து, உப்புத்தாளால் ஓரம் தேய்த்து, சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினோம். கித்தார் புதுச்சட்டை போட்டதுபோல இருந்தது. ஒலி கொஞ்சம் அடங்கியதாக எனக்குப் பட்டது. மைக் பார்த்துக்கொள்ளும் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் சுலைகா ஊரிலிருந்து திரும்பினார். நானும் அங்கே இருந்தேன். கைகால் கழுவிக்கொண்டு வந்து பாயின் எதிரே உட்கார்ந்தார். வலக்கையை நீட்டி, கித்தாரின் வாய்க்குக் கீழே, தட்டின் கீழ்ப்பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்தார். பழைய தட்டு அங்கே ஏன் மழமழத்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ம், வாசிங்க."

பாய் வாசித்தார். சுலைகா காத்திருந்தார்.

"வாசிங்கன்னேன்ல?"

"வாசிச்சுட்டுதானே இருக்கேன்?"

அவர் பாயின் விரல்களைப் பார்த்தார். கையை நகர்த்தி வைத்தார். இன்னும் கீழே வைத்தார். விளிம்பைப் பிடித்தார்.

"இல்ல. சும்மா கைய ஆட்டுறீங்க." முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. உள்ளங்கையைத் திருப்பித் தம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "காதுதான் போச்சுன்னு இருந்தேன். இப்ப கையும் போச்சா எனக்கு?"

குரல் வீடு முழுவதும் நிறைந்தது. பாயின் கை அதை இறக்க எழவில்லை. அவர் சுலைகாவின் முகத்தைத் தம் பக்கம் திருப்பினார்.

"என் வாயப் பாரு. கை போவல. தகடு ஜாஸ்தி கனம். மரத்த அமுக்கிப் புடிச்சிருக்கு, அவ்ளோதான்."

கத்தியை எடுத்துவிட்டார். "இருங்க பாய், சூடு காட்டிக்குவோம். மரம் பேந்துடும்" என்றேன்.

"வேணாம் மச்சான். இது இன்னும் ஒரு நிமிஷம் இருந்தா கை போச்சுன்னே அவுங்க நம்பிடுவாங்க."

தகடு மரச்சிலாம்புகளையும் இழுத்துக்கொண்டுதான் வந்தது. பாய் மறுபடி வாசித்தார். சுலைகா கை வைத்தார். அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. "ம். இருக்கு" என்றார்.

அன்று மாலை வாத்தியங்களைப் பார்க்க வந்த சபாபதி, கித்தாரைக் கண்டு திகைத்துப்போனார். முகப்பெல்லாம் பசைத் திட்டும் காயமுமாக இருந்தது.

"சொறி புடிச்ச மாதிரி இருக்கே பாய்! இத வெச்சிட்டு மேடையில உக்காந்தா என் பேரு என்னாவும்? ஒட்டுங்க அந்தத் தகட்ட."

"ஒட்ட மாட்டேங்க."

"அப்ப கித்தார் இல்லாமதான் நான் போவணும்."

"போங்க."

பாய் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது. கடையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கச்சேரிகளை நினைத்துக்கொண்டே வாழ்ந்தவர் அவர். காரணத்தையும் சொல்லவில்லை, மனைவியின் காதைப் பற்றி வெளியே பேசுவது அவருக்குப் பிடிக்காது. நான் வாய் திறந்தபோது கண்ணாலேயே தடுத்தார். "நாளைக்குக் காலையில பஸ்ஸுல இருந்தா இருங்க" என்று சொல்லிவிட்டுச் சபாபதி போய்விட்டார்.

வாசற்படியில் நின்று சுலைகா எல்லா உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்தார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கருநீல இருட்டுக்குள் ஒரு சிறுமியின் தலை, புகையால் வரைந்ததுபோல மிதந்தது.

"காய்ச்சல் வந்தப்போ புடிச்சது. இதுல ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டாங்க. வாப்பா பத்திரமா வெச்சுக்கன்னாரு. எதுக்குன்னு அவருக்கும் தெரியல." படத்தை ஆட்டிக் காட்டினார். "பாருங்க, கனமே இல்ல. வழவழன்னு இருக்கு. வெட்டி ஒட்டிக்கலாம்."

பாய் அதைத் தொடவே தயங்கினார். "உன் தலையவா வெட்டச் சொல்ற?"

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணல அது. உங்களுக்காச்சும் ஆவட்டும்."

செய்தித்தாள் வடிவத்தைப் படத்தின்மேல் வைத்து, தையல் கத்தரிக்கோலால் அவரே வெட்டினார். ஒரு வீச்சு, ஒரு வளைவு. அந்தத் துண்டில் பெரும்பகுதி கறுப்பாக இருந்தது. காதோரத்து எலும்பின் வெண்மை மட்டும் ஓரமாக ஒரு கீற்று. ஒட்டியதும் காயம் மறைந்தது. அந்திவெளிச்சத்தில் கித்தாரின்மேல் மேகம் ஒன்று வந்து படிந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலைப் பேருந்தில் பாய் இருந்தார். பக்கத்தில், கச்சேரிக்கென்று முதன்முறையாக, சுலைகாவும் இருந்தார். சபாபதி கித்தாரைத் திறந்து பார்த்தார், மூடினார், முன் இருக்கைக்குப் போய்விட்டார்.

கல்யாண வீடு தேரோடும் வீதியில். சாயங்காலம், மேடைக்குப் போகும் முன், பக்கத்து அறையில் பாய் தந்திகளைச் சுருதி சேர்த்தார். சன்னலுக்கு வெளியே கோபுரம் பொன்னாகச் சிவந்து நின்றது. புறாக்கள் அதைச் சுற்றி வட்டமிட்டன. சுலைகா எதிரே உட்கார்ந்து கை வைத்தார். பாய் மெல்ல வாசித்தார். அது எந்தப் பாட்டும் இல்லை. அவர் ஒரு சுரத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம், சுலைகாவின் புருவம் நீரில் இலைபோல மெல்ல அசைந்தது. வெளியே நாயனமும் பந்திச் சத்தமும் இருந்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவசரப்படுத்த வந்த சபாபதி கதவருகே நின்றுவிட்டார். அந்தக் கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். கூடத்தில் பெண் வீட்டாரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "மைக்கு இன்னும் சரியாவலைங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க." மைக் எப்போதோ சரியாகியிருந்தது.

கச்சேரியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "கித்தார்ல என்ன தம்பி, மேகமா?" என்று கேட்டார். "ஆமாங்க, மழ மேகம்" என்றார் பாய், கண் திறக்காமலே.

மெல்லிய படம் வில்லையைத் தாங்காது. அதனால் பிறகு அவர் விரல்களாலேயே மீட்டினார். ஒலி சிறுத்தது. சபாபதி ஒவ்வொரு கச்சேரியிலும் மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தபின் நாங்கள் சந்திப்பது குறைந்தது. போன ஐப்பசி மழையில் கடைசியாகப் பார்த்தேன். "நின்னு வாசிக்கிறியா, ஓடுறியா?" என்று கேட்டார். "நிக்கிறேன் பாய்" என்றேன். "அது போதும்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. லுஹருக்குப் பின் ஜனாஸா புறப்பட்டது. சபாபதியும் நானும் மாறி மாறித் தோள் கொடுத்தோம். மண் போட்டுவிட்டு வீடு திரும்பினோம். கணவரை இழந்து, இத்தா எனும் துக்கத் தனிமையில் இருக்கும் சுலைகாவை நான் பார்க்க முடியாது. வாசலில் விடைபெற நின்றபோது, அவருடைய தங்கை மும்தாஜ் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அக்கா ஒண்ணு கேக்கச் சொல்லுது. நூருல்லா மச்சானோட குரல் எப்டி இருக்கும்னு."

எனக்கு விளங்கவில்லை.

"அக்கா அவரு குரலக் கேட்டதே இல்லியே. இத்தன வருஷம் கேக்கணும்னு தோணலியாம். இப்ப கேக்குது. வூட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றோம். நீங்க வாத்தியம் வாசிக்கிறவரு, நீங்க சொன்னா சரியா இருக்கும்னு சொல்லுது."

சபாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டுப் பழகிய குரல்தான். அதை எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? பரங்கிப்பேட்டையில் ஒரு சிறுமி காது போவதற்கு முன் எதையெல்லாம் கேட்டிருப்பாள் என்று யோசித்தேன்.

"வெள்ளாத்துல படகு போவும்ல, துடுப்புப் போடுறத நிறுத்தினதும், தண்ணி படகுக்கு அடியில மெதுவாத் தட்டும். சத்தம் ஜாஸ்தி இருக்காது. ஆனா படகுல இருக்கிற எல்லாருக்கும் கேக்கும். அப்டி இருக்கும்னு சொல்லும்மா."

மும்தாஜ் உள்ளே போனார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுலைகாவின் குரல் கேட்டது, உயர்ந்து, தெருவரைக்கும்:

"எனக்கு அந்தச் சத்தம் தெரியும்! எனக்கு ஞாபகம் இருக்கு!"

அதைத் தணிக்க அந்த வீட்டில் யாரும் கை உயர்த்தவில்லை.

போய் வாருங்கள், பாய்.