இன்னிக்கு யாரு முறை?

எங்கள் மூன்று பேரையும் சேர்த்து வைத்தது ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு. விரட்டிவிட்டதும் அதே குழுதான். கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி என்று யாராவது படம் போட்டால், நாங்கள் மூவரும் அந்தக் கத்தரிக்காயை எண்ணெயில் எப்படி வதக்குவது என்பதில் போய் நிற்போம். "இது தோட்டக் குழு, சமையல் பேச வேறு இடம் பாருங்கள்" என்று குழுவை நடத்தியவர் ஒருநாள் எழுதினார். எனக்கு வந்ததே கோபம்! "கத்தரிக்காயைப் பறித்து கண்ணாடிப் பெட்டியிலா வைப்பார்கள்?" என்று பதில் போட்டுவிட்டு வெளியேறினேன். என் பின்னாலேயே இரண்டு பேர் வெளியேறினார்கள். என்னைவிட மூத்தவர் கம்பம். இளையவள் ராயப்பன்பட்டி. நான் தேனி. பெயர் தெரிந்திருந்தும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். "ஏ தேனி, சாப்ட்டாச்சா?" என்பார் கம்பத்தக்கா. அதுதான் எங்களுக்கு வணக்கம்.

ஒரே பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். பஸ் ஏறினால் போய்விடலாம், யார் இல்லை என்றது? எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கம்பத்தக்காவுக்கு வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். ராயப்பன்பட்டிக்காரியால் வீட்டுப் படியைத் தாண்ட முடியாது. அவள் கணவருக்கு ஞாபகம் போய்விட்டது.

மதியச் சாப்பாடு முடிந்து வீடு ஓய்கிற நேரம் எங்களுடையது. கம்பத்தக்கா தொழுகையை முடித்துவிட்டு வருவார். வீடியோ காலைப் போட்டு, போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு, அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம். நான் பாத்திரம் துலக்குவேன். அக்கா துணி மடிப்பார். ராயப்பன்பட்டிக்காரி புளியில் கொட்டை எடுப்பாள், பூண்டு உரிப்பாள். பேச வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. போனை ஒழுங்காக வைக்கத் தெரியாததால் முகம் எப்போதாவதுதான் தெரியும். கம்பத்தக்கா வீட்டு மின்விசிறியில் எந்த இறக்கையில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு இது பிடிபடவே இல்லை. "பேசாம இருக்கிறதுக்கு எதுக்குடி போனு?" என்பார். சாப்பிட்ட தட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பேப்பரை விரிக்கிற மனுசருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? தனியாகத் துலக்கினால் அது பாத்திரம். கூட இரண்டு பேர் இருந்தால் பொழுது.

ராயப்பன்பட்டிக்காரியின் கணவர் நல்ல சம்சாரி, மண்ணோடு கிடந்த விவசாயி. வாழையும் திராட்சையும் போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோவில் திருவிழா என்றால் முன்னால் நின்று வேலை செய்தவர். இப்போது மகனைப் பார்த்து "தம்பி எந்த ஊரு?" என்கிறார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. போன மழைக்கு ஒருநாள் கிளம்பிப் போய்விட்டார். வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை ஊர்க்காரர்கள் கூட்டிவந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஓடிவந்த மகன், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஹோம்லதான் சேக்கணும்மா. உன்னால முடியல, நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

"வெளிக் கதவப் பூட்டிப் போட்டுட்டு நீ செத்த நேரம் கண்ண மூடு" என்று நான்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பூட்டுனா கதவப் புடிச்சு ஆட்டி ஆட்டி அழுகுறாகக்கா. என்ன தப்பு பண்ணேன், ஏன் அடைச்சு வைக்கிறீகன்னு கேக்குறாக. என்னால அதக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. நான் முழிச்சிருந்துக்கிறேன்."

"எத்தன நாளைக்குடி முழிப்ப? நீ என்ன இரும்பா?" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பாசம் வந்தால் இன்னும் நீளும். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பூண்டை எடுத்தாள். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துவைத்து, ராத்திரியில் அவர் புரளும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து, மறுநாள் மதியம் எங்களோடு வந்து பூண்டும் உரிப்பாள். ஒரு நாளும் "ஏன் எனக்கு இப்படி" என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. நானெல்லாம் காஸ் தீர்ந்ததற்கே கடவுளைத் திட்டுகிறவள்.

ஒரு மதியம் கத்தியைப் பிடித்தபடியே உறங்கிவிட்டாள். சுவரில் தலை சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்திருந்தது. அன்றைக்கென்று போன் நேராக நின்றிருந்ததால் எல்லாம் தெரிந்தது. பின்னால் கட்டிலில் இருந்தவர் எழுந்தார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "தண்ணி வந்திருக்கும், போயி மடையத் தொறக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

"ஏ ராயப்பன்பட்டி!" என்று கத்த வாயெடுத்தேன்.

"எழுப்பாத!" என்று அதட்டினார் கம்பத்தக்கா. "பாவி மக, இப்பத்தான் கண்ண மூடியிருக்கா." பிறகு குரலை மாற்றி, "அண்ணே, எங்கன கெளம்பிட்டீக?" என்று கேட்டார்.

அவர் நின்று, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"தோட்டத்துக்கு. தண்ணி பாச்சணும்ல."

"இன்னிக்கு முறை எங்களுக்குண்ணே. உங்களுக்கு நாளைக்குத்தான்."

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்றைக்கு ஒருவர் தோட்டம், நாளைக்கு அடுத்தவர் தோட்டம். முறை மாறி மடையைத் திறந்தவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கம்பத்தக்காவும் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். அது அவருக்குத் தெரியும்.

பெற்ற மகனை மறந்த மனுசர் அதை மறக்கவில்லை. அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "அடடா, உங்க முறையா? தெரியாமப் போச்சு தாயி. அடுத்தவுக முறையில நாம கை வைக்கப்படாது" என்று துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சும்மாதான இருக்கீக, அந்தப் பூண்ட உரிங்கண்ணே" என்றார் அக்கா. உரித்தார்! தோலைத் தனியாக, பல்லைத் தனியாக, சம்சாரியின் நிதானத்தோடு உரித்தார். நாங்கள் மழையைப் பற்றியும் திராட்சை விலையைப் பற்றியும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கோவில் மணி அடித்தபோதுதான் அவள் பதறி எழுந்தாள். அவரைப் பார்த்தாள், பூண்டைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "ஏன்க்கா எழுப்பல?" என்று கேட்டுவிட்டு விக்கி விக்கி அழுதாள். "பொய் சொல்லிட்டேன்டி, படைச்சவன் மன்னிக்கட்டும்" என்று கம்பத்தக்காவும் கண்ணைத் துடைத்தார். அந்தப் பொம்பளையின் சமயோசிதத்துக்குக் கோவில் கட்டலாம். கட்டினால் அவரே வந்து திட்டுவார், அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து அவள் மதியத்தில் உறங்குகிறாள். ஒருநாள் கம்பத்தக்கா வீடியோ காலில் இருந்து பார்த்துக்கொள்வார், மறுநாள் நான். அவள் கணவர், இப்போது எங்களுக்கு அண்ணன், போன் முன்னால் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு யாரு முறை?" என்று கேட்பார். "எங்களுக்குண்ணே" என்போம். "அப்பச் சரி" என்று பூண்டையோ மொச்சையையோ கையில் எடுத்துக்கொள்வார். எதுவும் இல்லாத நாளில் உரித்த வெங்காயத்தையே திரும்பத் திரும்பப் பொறுக்குவார். மகனிடமும் சொல்லியாகிவிட்டது. "பாக்கலாம்மா" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

போன வாரம் என் முறை. அன்று காலையில் வீட்டில் விருந்தாட்கள். இட்லிக்கு மாவு பத்தாமல் உப்புமாவுக்கு ஓடி, அவர்களை அனுப்பிவிட்டு, கம்பளிகளை நனைத்து அலசிக் காயப்போட்டு, போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்ததுதான் தெரியும். அண்ணன் கேட்டார், "எனக்குண்ணே" என்று சொன்னேன். பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

முழித்தபோது போனில் கட்டில் தெரிந்தது. காலியாக இருந்தது. மொச்சைத் தட்டு தரையில் கிடந்தது, ஆள் இல்லை. கீழே பாயில் அவள் நல்ல உறக்கத்தில் இருந்தாள். ஐயோ, கெடுத்துவிட்டேனே! வாய்க்காலும் மகனும் ஹோமும் ஒரே நேரத்தில் கண்முன்னால் வந்தன. "அண்ணே!" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அண்ணே!"

"ஷ்ஷ்" என்று போன் திரையின் ஓரத்திலிருந்து சத்தம் வந்தது. கதவு திறந்து கிடந்தது. அதன் நிலையை அடைத்துக்கொண்டு நாற்காலியைப் போட்டு, தலையில் துண்டோடு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார்.

"இன்னிக்கு முறை உங்களுதுல்ல? நீங்க அசந்துட்டீக. யாராச்சும் வந்து உங்க மடையத் திருப்பிப்புட்டா? அதான் காவலுக்கு உக்காந்திருக்கேன்" என்றார் மெதுவாக. "அலுப்பா இருக்கீக. தூங்குங்க தாயி, நான் பாத்துக்கிறேன்."

நான் எங்கே தூங்கினேன். அவருடைய காவலைக் கலைத்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.