கத்தரி அக்காவின் மெயின் சாவி

திரைச்சீலை தைக்கிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். கத்தரி அக்காவைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று எவராவது சொன்னால், அவர் அக்காவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அஞ்சாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். இன்னொருவர் கடையில் தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டியவள். இன்றைக்கு அந்தத் தெருவில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அவள் தைத்த துணிதான் ஆடும். ஜன்னலின் அகலத்தைக் கண்ணால் பார்த்தே சொல்வாள். டேப்பை வைத்துப் பார்த்து வித்தியாசம் வந்தால், டேப் தப்பு.

அவள் கழுத்தில் ஒரு கயிறு தொங்கும். அதில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பக்கத்திலேயே ஒரு பித்தளைச் சாவி. கத்தரி பெயரைக் கொடுத்தது. சாவி கடையின் மெயின் சுவிட்ச் பெட்டிக்கு உரியது. முன்னொரு காலத்தில் யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துபோய், ஒரு கட்டுத் துணி கருகி, கடையே போயிருக்க வேண்டியது. அன்றைக்கு அக்கா போட்ட சட்டம் இன்றுவரை மாறவில்லை. கடைசியாகக் கடையை விட்டு இறங்குகிறவள் அக்கா. இறங்கும் முன்பு மெயினை இறக்கிப் பெட்டியைப் பூட்டுகிறவளும் அக்கா.

"தீயே வந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்பாள்.

ஜன்னல் திரை, கதவுத் திரை எல்லாம் தைத்துவிட்டாள். மனசில் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது: ஒரு நாடக அரங்கத்தின் மேடைத் திரை. ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாக நின்று, விளக்கு பட்டதும் பொங்கி விழ வேண்டும். ஊரே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பும் தேடி வந்தது. புதிதாகக் கட்டிய அரங்கத்தின் செயலாளர், "உங்க வடிவத்தைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. சாயங்காலம் குழு கூடுது, அதுக்குள்ள முடிவு சொல்லணும்" என்றார். பெரிய கம்பெனி ஒன்று முன்பே தன் படங்களைக் கொடுத்திருந்தது.

வடிவம் வரைகிறவள் மருமகள். கடையின் கண்ணாடி அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் துணியை மடிக்கிறாள், விளக்கைப் போடுகிறாள், நிறத்தை மாற்றுகிறாள். உண்மைத் திரை தோற்றுப்போகும். கைராசிக்காரி. ஆனால் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளை அவசரக்காரப் பிள்ளை. எழுந்து நடக்கவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரோ கடையில். வீட்டில் இருந்த லேப்டாப் அந்த வேலைக்குத் தாங்காது, மூச்சு வாங்கும்.

"வேற யாரையாவது வெச்சுக் காட்டிடுங்க அத்தை" என்று மருமகள் சொன்னபோது அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"நீ வரைஞ்சதை வேறொருத்தி காட்டுவாளா? பேசாம படு" என்றாள் அக்கா. "அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து உன் மடியில வைக்கட்டுமா?"

"தூக்க வேணாம் அத்தை. அது அங்கேயே இருக்கட்டும், நான் இங்கிருந்தே அதுக்குள்ள போயிடலாம். ரிமோட் டெஸ்க்டாப்னு ஒண்ணு இருக்கு. ஆனா கடை கம்ப்யூட்டரை அதுக்குத் தயார் பண்ணணுமே!"

"தயார்தானே? நான் எதுக்கு இருக்கேன்?"

இணையக்காரர் வந்து, வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் வேற்றாள் நுழைய முடியாதபடி தனிப்பாதை ஒன்று போட்டுவிட்டுப் போனார். கம்ப்யூட்டருக்குள் செய்ய வேண்டியது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கண்ணாடி அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை மேசைமேல் வைத்து, விரல்களைச் சொடக்கு எடுத்துக்கொண்டாள். தையல்காரிகள் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே கூடிவிட்டார்கள். இஸ்திரிக்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும் அத்தை. அதை அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"இப்ப நான் அனுப்பின படத்துல இருக்கிற மாதிரியே ஒரு வரி இருக்கா? பக்கத்துல ஒரு பொத்தான்?"

அக்கா போனையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். துணியில் பூவுக்குப் பூ சேர்த்துத் தைத்த கண் அது. "இருக்கு. தள்ளிவிட்டேன். நீலமாயிடுச்சு!"

"அவ்வளவுதான், கதவு திறந்தாச்சு! அடுத்தது பாஸ்வேர்டு. அது இல்லாம வெளியிலிருந்து யாரையும் உள்ள விடாது."

"என் கடைக்குள்ள போக என் மருமகளுக்கே பூட்டா?"

"பூட்டு இருந்தாத்தான் அத்தை நான் வர முடியும். ஒண்ணு போடுங்க."

அக்கா யோசித்தாள். பிறகு, தான் முதன்முதலில் தைத்த திரையின் நீள அகலத்தை, தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டே தட்டினாள். வெளியே நின்ற தையல்காரிகள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். இஸ்திரிக்காரர் ஒருபடி மேலே போய், "அகலம் இன்னும் ரெண்டு கூட இருந்துச்சே அக்கா" என்றார்.

"ஐயோ அத்தை! அதைக் கத்திச் சொல்லக் கூடாது!" போனுக்குள் மருமகள் சிரித்துச் சிரித்து இருமினாள். "எல்லாருக்கும் தெரிஞ்சா அது பூட்டே இல்ல. மாத்துங்க."

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். "என்ன இங்க, கல்யாண வீடா? போங்க, போய் ஊசியைப் பாருங்க!" எல்லோரும் ஓடியபின் வேறொன்றைப் போட்டு, போனை வாயோடு சேர்த்து வைத்துக் கிசுகிசுத்தாள். அது என்னவென்று இந்தக் கதைக்கும் தெரியாது.

"இன்னும் ஒண்ணுதான் அத்தை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அது தூங்கிப் போயிடும். தூங்கினா நான் கூப்பிட்டாலும் கேட்காது. தூங்கவே கூடாதுன்னு மாத்தி வைக்கணும்."

"என் கடையில தூக்கமா? மனுஷங்களையே தூங்க விட்டதில்ல, மெஷினை விடுவேனா!" சொன்ன இடத்தில் அமுக்கினாள். 'ஒருபோதும் இல்லை' என்று வந்துவிட்டது. அக்காவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்தது.

"இப்ப நான் உள்ள வரேன் பாருங்க."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று திரையில் இருந்ததெல்லாம் மறைந்து, பாஸ்வேர்டு கேட்கிற வெறும் பக்கம் வந்து நின்றது.

"போச்சு! எல்லாம் போச்சுடி கண்ணு! பூட்டிக்கிச்சு!" என்று அக்கா அலறவும், "கிடைச்சிடுச்சு அத்தை! கிடைச்சிடுச்சு! என் திரை அப்படியே வந்துடுச்சு!" என்று மருமகள் போனில் கத்தவும் சரியாக இருந்தது.

"நான் உள்ள இருக்கும்போது அங்க பூட்டித்தான் தெரியும் அத்தை. நீங்க அதைத் தொட்டுடாதீங்க. நீங்க அங்க உள்ள போனா நான் இங்க வெளிய விழுந்துடுவேன்."

அக்கா எழுந்து நின்று கண்ணாடியைத் தட்டினாள். "பார்த்தீங்களா? தயார் பண்ணியாச்சு! பட்டணத்துல படிச்சவன் வந்து செய்யற வேலை, அஞ்சாங்கிளாஸ் செஞ்சிருக்கா!" கடையே கை தட்டியது.

சந்தோஷத்தில் மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தான் இல்லாத கடையில் ஊசி இறங்கக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு சட்டம். கதவைச் சாத்தி வீட்டுக்கு வந்து, மருமகளின் லேப்டாப்பைக் கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியோடு மாட்டச் சொல்லி, புருஷனை விரட்டி விரட்டி நாற்காலி துடைக்க வைத்தாள். அவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவளை மகாராணி என்பார்.

நாலு மணிக்குச் செயலாளர் வந்தார். ஒல்லியான மனிதர், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். மருமகள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, ஒரு கையால் மவுஸைத் தட்டினாள். டிவியில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"அத்தை... கம்ப்யூட்டர் கிடைக்கல."

"அதெப்படி? காலையில வந்துச்சே! இணையக்காரன் பாதையைச் சரியாப் போடல. வரட்டும் அவன்!" அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க எதையாவது பிடுங்கினீங்களா?"

"நான் நாற்காலியைத்தான் துடைச்சேன் மகாராணி."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மருமகளின் உதடு வெளுத்துவிட்டது. மறுபடி தட்டினாள். "தூங்காதபடி வெச்சோமே அத்தை. சாத்திட்டு வரும்போது..."

அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சாவி. மதியம் மெயினை இறக்கியதோ, பெட்டியைப் பூட்டியதோ அவள் நினைவில் இல்லை. கை தன் பாட்டுக்குச் செய்திருக்கிறது. தூங்கவே கூடாது என்று காலையில் சொல்லி வைத்ததை, மதியம் கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

பிறகு செயலாளர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, குறை எங்க வேலையில இல்ல. என் கையில. மெயினை நான்தான் இறக்கிட்டு வந்தேன். ஒரு தேநீர் குடிச்சு முடிங்க, அதுக்குள்ள ஏத்திட்டேன்னா பாருங்க. கண்ணு, நீ எழுந்திருக்காதே. டிரைவரே, வண்டியை எடுங்க!"

"தேநீர் சீக்கிரம் குடிக்கிற ஆள் நான்" என்றார் செயலாளர். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஸ்கூட்டரின் பின்னால் அக்கா ஏறியது தெரியும், இறங்கியது தெரியாது. வழியெல்லாம், "லாரியை இப்படியா ஓட்டினீங்க? சரக்கு அழுகியிருக்குமே!" என்று அவர் காதில் கத்திக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்து, இருட்டில் தடவி, மெயின் பெட்டியில் சாவியைப் போடப் பார்த்தாள். அவசரத்தில் கைக்குச் சாவித்துவாரம் அகப்படவில்லை. ஊசிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோத்த கை அது! மூன்றாம் தரம் அகப்பட்டது. மெயினை ஏற்றினாள். கடை முழுக்க விளக்கு பளீரென்று எரிந்தது, மின்விசிறிகள் கிளம்பின. கண்ணாடி அறைக்கு ஓடிக் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினாள்.

"இணையப் பெட்டியில பச்சை வந்துச்சா அத்தை?" போனில் மருமகள்.

"மினுக்குது... மினுக்குது... நின்னுடுச்சு. பச்சை! பச்சைடி கண்ணு!"

திரையில் பாஸ்வேர்டு பக்கம் வந்து நின்றது. அக்காவின் விரல் அதன்மேல் போய்விட்டது. வாழ்நாளில் எதையும் பிறத்தியார் கையில் விட்டுப் பார்த்ததில்லை அவள். ஒரு முடிச்சு என்றால்கூடத் தானே அவிழ்த்தால்தான் தூக்கம். விரலை வெடுக்கென்று இழுத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் ஒன்றும் அசையவில்லை. போனில்தான் எல்லாம் நடந்தது.

"வந்துடுச்சு" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். பிறகு அவள் குரல் மாறியது. அது படுத்திருக்கிறவளின் குரலே இல்லை. "இது மேடை. விளக்கு இல்லாம இப்படி இருக்கும். இப்ப விளக்கு போடறேன்."

செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

"கருஞ்சிவப்பு பார்க்கறீங்களா? இதோ."

"அடேயப்பா. உடனேவா? மடிப்பைக் கூட்ட முடியுமா? ம்... கீழே தரையில இழுபடாது?"

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "இழுபடாதுங்க! அடியில கனம் வெச்சுத் தைப்பேன்! என் திரை சொன்ன இடத்துல நிக்கும்!" என்று போனில் கத்தினாள். கை மட்டும் தொடைக்கு அடியிலேயே இருந்தது.

செயலாளர் சிரித்தது கேட்டது. "பெரிய கம்பெனி படம் கொடுத்தாங்க. ஒரு கேள்வி கேட்டா, அடுத்த வாரம் பதில்ன்னாங்க. நீங்க படுத்துக்கிட்டே பதில் சொல்றீங்க. இந்தக் கருஞ்சிவப்பையே குழுவுக்குக் கொண்டு போறேன்மா. அவங்க என் பேச்சைத் தட்ட மாட்டாங்க. இன்னைக்கே அளவெல்லாம் போட்டு அனுப்பிடுங்க."

அக்கா கண்ணாடி அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். பார்க்க யாருமில்லையே என்பதுதான் குறை. "அத்தை! கேட்டீங்களா அத்தை!" என்று போன் கூவிக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும்போது புருஷன் கதவோரம் வந்து நின்றார். அக்கா ஒவ்வொரு சுவிட்சாகத் தேடித் தேடி அணைத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, பெட்டியையே வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் போட்டுக்கொண்டாள். மெயின் பெட்டி திறந்தபடியே இருந்தது.

"என்ன மகாராணி, மெயினை இறக்கலையா?"

கண்ணாடி அறையில் கம்ப்யூட்டரின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா மெயின் பெட்டியை மெல்லச் சாத்தி, சுவிட்சு மேலேயே இருக்கும்படி விட்டுப் பூட்டினாள்.

"மருமக உள்ள வேலை செஞ்சிட்டிருக்கா. அணைச்சுட்டு எப்படிங்க வர்றது?"