மினிமம் பேலன்ஸ் பிடித்தமும் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களும்

பிரிண்டர் சரியான நாள்

எங்கள் செந்துறைக் கிளையில் பாஸ்புக் பிரிண்டர் பல மாதம் பழுதாகிக் கிடந்தது. அது சரியான அன்று காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. மதியத்துக்குள் தகராறும் வந்துவிட்டது. அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு பிடித்தம் பாஸ்புக்கில் வரிவரியாக அச்சாகியிருந்தது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்கான அபராதம்.

நான் அங்கே ஸ்பெஷல் அசிஸ்டென்ட். ஓய்வு பெறச் சில வருடங்கள் இருந்தன. புகார் வாங்கும் கவுண்ட்டர் என்னுடையது.

இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஜீரோ பேலன்ஸ் என்று சொல்லித் தொடங்கப்பட்டவை. ஏதோ ஒரு கட்டத்தில் தலைமை அலுவலகமே சிஸ்டத்தில் அவற்றைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டது. வாடிக்கையாளரைக் கேட்கவில்லை, கிளைக்கும் சொல்லவில்லை. அன்றுதான் எங்களுக்கும் தெரிந்தது.

வரிசையில் வந்தவர்களில் கொளஞ்சியும் ஒருவர். கல்யாண மண்டபங்களில் சமையல் வேலைக்குப் போகிறவர். மகள் பெரம்பலூரில் நர்சிங் படித்தாள். பரீட்சைக் கட்டணத்துக்காக முகூர்த்த மாதக் கூலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைத்திருந்தார். எடுக்க வந்த அன்று, கட்டணத்துக்குப் போதுமான பணம் கணக்கில் இல்லை.

"நான் எடுக்கலீங்க. யாரு எடுத்தாங்க?" என்று கேட்டார்.

"பேங்க்தாம்மா பிடிச்சிருக்கு."

"என்னைக் கேக்காமயா?"

நான் மேனேஜர் அறையைக் காட்டினேன்.

ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்

மேனேஜர் பிரவீன் சின்ன வயது. கெட்டவர் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் ரீஜனல் ஆபீசுக்குப் போன் போட்டார். சாயங்காலமே சர்க்குலர் மெயிலில் வந்தது. இதே பிடித்தத்தை எதிர்த்து ஒரு நுகர்வோர் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கிறது, தீர்ப்பு வரும்வரை பணத்தைத் திரும்பக் கேட்பவர்களின் கோரிக்கையை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், காத்திருக்கச் சொல்லுங்கள் என்று இருந்தது.

மறுநாள் கொளஞ்சி வந்தபோது மேனேஜர் அதையே சொன்னார். "கேஸ் நடக்குதும்மா. முடியட்டும்."

"கேஸ் முடியற வரைக்கும் எம் பொண்ணோட பரீச்சைய தள்ளி வெப்பாங்களாங்க?"

கொளஞ்சி காதில் இருந்த தோட்டை அடகு வைத்துக் கட்டணத்தைப் புரட்டினார். ஆனால் கடைசித் தேதி போய்விட்டது. மகள் அந்தமுறை பரீட்சை எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து என்னிடம் இதைச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சொல்லிவிட்டு ஒரு புகார் மனுவை நீட்டினார்.

மனுவை எழுதிக் கொடுத்தவர் ரஜாக் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து எங்கள் கிளைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவருடைய கணக்கிலும் பிடித்திருந்தார்கள். தனக்கு எழுதியபோதே கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

"மனு வாங்கினா பதில் போடணும் சார். என்ன பதில் போடறது?" என்று மேனேஜர் தயங்கினார்.

"வாங்கினோம்னு மட்டும் போடுவோம் சார். அது உண்மைதானே," என்றேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மனுவில் முத்திரை போட்டு, நகலிலும் போட்டுக் கொளஞ்சியிடம் கொடுத்தேன். ரஜாக் பாய் அனுப்பிய எல்லோருக்கும் அப்படியே செய்தேன். ஆனால் பெரும்பாலானவர்கள் மனு கொடுக்கவே இல்லை. கேஸ் நடக்கிறது என்றதும் தலையாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதன்பின் ஒரே கேள்விதான். தீர்ப்பு வந்துடுச்சாங்க? வாய்தா தள்ளிப் போகும், நீதிபதி மாறுவார், விடுமுறை வரும். இதையெல்லாம் செய்தித்தாளில் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன். வங்கி எனக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் கொளஞ்சி வாசலில் நுழையும்போதே நான் இல்லை என்று தலையசைப்பேன். அவரும் அங்கிருந்தே திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்.

பாதி தருகிறோம்

நாள் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு சர்க்குலர் வந்தது. மனு கொடுத்தவர்களுக்கு நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகை தரலாம். மனுவை வாபஸ் வாங்குகிறேன், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நிறையப் பேர் போட்டார்கள். முதலில் போட்டவர்களில் ரஜாக் பாயும் ஒருவர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நீங்களே போடறீங்களே பாய்?"

"சலிச்சுப் போச்சு சார். அங்க கம்பெனியில சம்பள பாக்கிக்கு அலைஞ்சேன், இங்க வந்து இதுக்கு அலையறேன். தீர்ப்பு வரைக்கும் உசுரோட இருக்க ஹயாத்து இருக்கணுமில்ல. கெடச்சது போதும்."

கொளஞ்சி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என் முன்னால் நின்றார்.

"நீங்க சொல்லுங்க. போடவா, வேணாமா?"

வங்கிச் சம்பளம் வாங்குகிறவன் நான். போடு என்றாலும் தப்பு, போடாதே என்றாலும் தப்பு. "தீர்ப்பு எப்படி வரும்னு எனக்குத் தெரியாதும்மா. மேனேஜருக்கும் தெரியாது. போட்டா இன்னையோட முடிஞ்சுது. போடலைன்னா காத்திருக்கணும். ஒண்ணும் வராமலும் போகலாம்," என்றேன்.

"பாதி வாங்கிட்டா, அவங்க புடிச்சதுல பாதி நியாயம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தோடு அப்போதும் அடகில்தான் இருந்தது.

தீர்ப்பு

தீர்ப்பு ஒருவழியாக வந்தது. வாடிக்கையாளருக்கு அறிவிக்காமல் மாற்றிய கணக்குகளில் பிடித்தது செல்லாது. எழுத்துமூலம் புகார் கொடுத்து, அது நிலுவையில் இருப்பவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். வாபஸ் வாங்கியவர்களின் புகார் முடிந்ததாகவே கருதப்படும்.

கொளஞ்சிக்கு நானே போன் செய்தேன். அரியலூரில் ஒரு மண்டபத்தில் வேலையில் இருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். கணக்கைத் திறந்து பார்த்தேன். பணம் வரவாகியிருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, அந்தக் காலாண்டுக்கான மினிமம் பேலன்ஸ் அபராதத்தை சிஸ்டம் பிடித்திருந்தது.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

"இதுக்கும் கேஸ் போடணுமாங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மேனேஜர் எழுந்து வந்து பார்த்தார். ரீஜனல் ஆபீசைக் கேட்காமல் அவர் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றுதான். என் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடியே பிடித்ததை ரிவர்ஸ் பண்ணச் சொன்னார், கணக்கை ஜீரோ பேலன்ஸுக்கு மாற்றச் சொன்னார், இரண்டுக்கும் அவரே ஒப்புதல் கொடுத்தார். கொளஞ்சி முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு நேராக அடகுக் கடைக்குப் போனார். வட்டி போக மீதி எதுவும் நின்றிருக்காது. மகள் விட்ட பரீட்சையை, அந்த அடகுப் பணத்தையே கட்டி, பிறகு எழுதித் தேறிவிட்டாள் என்று போகும்போது சொன்னார்.

ரஜாக் பாய் தீர்ப்பைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கொளஞ்சியம்மாவுக்கு வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.

அதற்கடுத்த வாரம்தான் எனக்குக் கஷ்டமான வாரம். தீர்ப்புச் செய்தியைப் படித்துவிட்டு மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். கேஸ் நடக்கிறது என்று சொன்னதும் நம்பித் திரும்பிப் போனவர்கள். அவர்கள் பெயரில் புகார் எதுவும் இல்லை, அதனால் பணமும் இல்லை. மானாவாரி விவசாயி ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கேஸ் முடியட்டும்னு இங்கதானங்க சொன்னாங்க. அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு வராம இருந்தேன்."

புதிதாக எழுதிக் கொடுங்கள், அனுப்பிப் பார்க்கிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தார். அனுப்பினேன். காலம் கடந்த கோரிக்கை என்று பதில் வந்தது. அதைச் சொன்னபோது, "சரிங்க, போயிட்டு வரேன்," என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது வங்கியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. யாரையாவது காத்திருக்கச் சொல்ல வேண்டி வந்தால், முதலில் அவர் கேட்பதை எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முத்திரை போட்டு நகலைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு காத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.