சாப்பாட்டு ஜெபத்தில் ஒரு திருத்தம்

இறையியல் என்பது கடவுளைப் பற்றிப் பிழையின்றிச் சிந்திக்கும் கல்வி என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். தம்பானூரை அடுத்த எங்கள் வீட்டிலும் பிழை திருத்தினேன். இறந்துபோன தன் தாய்க்காக மனைவி சாப்பாட்டு ஜெபத்தில் வேண்டியபோது, இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையின் போதனை அல்ல என்றேன்.

“உங்க பாடத்துல இல்லைன்னா எழுதிச் சேத்துக்கிடுங்க. நான் எங்க அம்மைக்கில்லா ஜெபிக்கேன்” என்று சிரித்தாள். அதன்பிறகு அந்த வேண்டுதலை அவள் உரக்கச் சொன்னதில்லை.

அவளை அடக்கம்செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நேற்று மதியம் தனியே அமர்ந்து உணவுக்கு நன்றி சொல்லத் தொடங்கியவன், என்னை அறியாமலே அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை, உரக்கவே சொல்லி முடித்தேன். மாணவர்களுக்குச் சொல்லிவந்த அந்த விளக்கத்தில் எந்தச் சொல்லைத் திருத்துவது என்று இன்னும் தெரியவில்லை.