கருநீலக் காருக்கு வலை அடித்தது

எனக்கு எவனையும் சட்டென்று நம்ப வராது. மலேசியாவில், கிள்ளானில் வீடுகளுக்குக் கிரில் அடித்துப் பிழைத்தவன் நான். ஜன்னல், கதவு, பின்கட்டு, குளியலறையின் காற்றுத் துவாரம் வரைக்கும் கம்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன். திருடன் எங்கே கையை விடுவான், எங்கே தலையை நுழைப்பான் என்று நாள் முழுக்க யோசிப்பதுதான் தொழில். யோசித்து யோசித்து, மனுஷனைப் பார்த்தாலும் இவனிடம் எங்கே ஓட்டை என்றுதான் கண் போகும். எனக்குப் பார்த்த பெண் வீட்டாரையெல்லாம் துருவித் துருவிக் கேள்வி கேட்டு நானே விரட்டிவிட்டேன். ஒரு வீட்டில் காப்பி ரொம்ப நன்றாக இருந்தது. எதை மறைக்க இவ்வளவு நல்ல காப்பி என்று யோசித்து எழுந்து வந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் தங்கையும் மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசி அது. தங்கை கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். காலையில் பஸ் ஏறிப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, குழம்பில் உப்பு சரியா என்று கேட்பதுபோல அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒருத்தர் இருக்காருண்ணே. பெட்டாலிங் ஜெயாவுல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன். என்னைக் கட்டிக்கிறேன்னு கேக்குறாரு."

"எவன் அவன்? எங்க பழக்கம்? குடிப்பானா? எத்தனை பேருகிட்ட இப்படிக் கேட்டிருக்கான்?"

"பல்லு வலின்னு வந்தாரு. குடிக்க மாட்டாரு. சொந்தமா ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்காரு."

தட்டைத் தள்ளிவைத்தேன். ஃபேக்டரியில் வேலை செய்பவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவன் எவன் உருப்பட்டான்? இதையெல்லாம் அக்கம்பக்கத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். தங்கை பொறுமையாக நான் முடிக்கும்வரை நின்றாள்.

"கத்தி முடிச்சிட்டியா? நேர்ல பாரு. பாத்துட்டு நீ வேணாம்னு சொன்னா நான் விட்டுடறேன். பாக்காமலே வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேன்."

அதற்கென்ன, பார்த்துவிட்டே சொல்லலாம் என்று இருந்தேன். என் மனதில் பதில் அப்போதே தயார். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு கருநீலக் கார் வந்து நின்றது. கடை என்றால் வீட்டை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான். வந்தது இரண்டே கதவு வைத்து, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் ஜப்பான் கார். அதிலிருந்து என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்த ஒருவன் இறங்கினான். கேட்காமலே யாரென்று தெரிந்துவிட்டது.

"அண்ணே, வணக்கம். காருக்கு வலை போடணும்."

யாருக்கு யார் அண்ணன்? வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். முன் பம்பருக்குக் கீழே காற்றுப் போகிற பெரிய வாய், அதன் இரண்டு பக்கமும் சின்ன வாய்கள், பானெட்டின் மேல் ஒரு துவாரம். இவற்றுக்கெல்லாம் கம்பி வலை வேண்டுமாம். ஹைவேயில் லோரிகளின் சக்கரத்திலிருந்து தெறிக்கிற கல் ரேடியேட்டரை ஓட்டை போட்டுவிடுமாம்.

"கேஎல்ல இதுக்குன்னே கடை இருக்கே தம்பி. அதை விட்டுட்டு இவ்வளவு தூரம் எதுக்கு?"

"நீங்க நல்லா செய்வீங்கன்னு உங்க தங்கச்சி சொன்னாங்க."

மறைக்கவுமில்லை, நெளியவுமில்லை. எனக்கு ஐஸ் வைக்க வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். ஆனால் ஒன்று உறைத்தது. வலையை வெளியிலிருந்து ஒட்டினால் அசிங்கமாக இருக்கும், நிற்கவும் நிற்காது. பம்பரை முழுசாகக் கழற்றி உள்பக்கமிருந்துதான் கட்ட வேண்டும். பம்பரைக் கழற்றினால் காரின் வண்டவாளம் முழுக்கக் கண்ணுக்குமுன் வந்துவிடும். வகையாக மாட்டிக்கொண்டாயடா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"நேரமாகும். மூலைக் கடையில போய் தே தாரிக் குடிச்சிட்டு வாங்க."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவனிடம் ஆசைக் காரைக் கொடுத்துவிட்டு இப்படியா ஒருத்தன் போவான்? மடியில் கனம் இருக்கிறவன் வழியில் பயப்படாததுபோல நடிக்கிறானோ? முதலில் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் துழாவினேன். ஒரு குடையும் பழைய துண்டும் கிடைத்தன. துண்டை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது.

பிறகு சக்கரத்தின் மேல்வளைவுக்குள் கையை விட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பிளாஸ்டிக் கிளிப்புகள் இரண்டு உடைந்தன, உடையத்தான் செய்யும். பம்பரை இழுத்துக் கீழே வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.

இடது பக்கம் சுத்தம். கம்பெனியில் மெஷின் வைத்த வெல்டிங் பொட்டுகள் ஒரே சீராக, மணி கோத்தது மாதிரி இருந்தன. மூட்டில் தடவிய பசைகூட அப்படியே இருந்தது. டார்ச்சை வலது பக்கம் திருப்பினேன். அங்கே கதை வேறு. உள்ளே போகும் இரும்புச் சட்டம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. நிமிர்த்தி, வெட்டி, வேறு துண்டு வைத்து யாரோ கையால் வெல்டிங் அடித்திருந்தார்கள். கிரைண்டர் போட்டுத் தேய்த்து மேலே பெயின்ட் பூசியிருந்தாலும் என் விரலை ஏமாற்ற முடியுமா? பலமான அடி. ஸ்டீரிங் இருக்கிற பக்கம் அப்படியே நசுங்கி உள்ளே வந்திருக்க வேண்டும். இவன் உயிரோடு இருப்பதே பெரிது.

புளுகன்! அடிபட்ட காரை மினுக்கிக்கொண்டு என் தங்கையிடம் காட்டியிருக்கிறான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. கோபம் வேறு, தொழில் வேறு. பழைய தமிழ்ப் பேப்பரை ஒவ்வொரு வாயின் மேலும் அழுத்தி அச்சு எடுத்தேன். டைமண்ட் வடிவக் கண் போட்ட அலுமினியத் தகட்டை அச்சைவிட விரலகலம் பெரிதாக வெட்டினேன். ரொம்பப் பொடிக் கண்ணாகப் போட்டால் காற்றுப் போகாமல் என்ஜின் கொதித்துவிடும், கொசுவலையா இது? விளிம்பை மடக்கி, கறுப்பு பெயின்ட் அடித்துக் காயவைத்து, உள்பக்கம் பசை தடவி, மூலைகளில் ரிவெட் அடித்தேன். இழுத்துப் பிடித்த தோல் மாதிரி உட்கார்ந்தது.

அவன் திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த தே தாரிக் டீயைக் கட்டிக்கொண்டு வந்தான். வாங்கி ஓரமாக வைத்தேன்.

"வண்டி எப்படி, ஒரிஜினல்தானா? அடிகிடி படலையே?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"நீங்களே பிரிச்சிப் பாத்துட்டீங்க அண்ணே. என்கிட்டயா கேக்கணும்?" என்றான். ஆமாம் என்கிற மாதிரியும் இல்லை, இல்லை என்கிற மாதிரியும் இல்லை. சரியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். பசை காய வேண்டும், வண்டி இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வாங்க என்று பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.

பம்பரைத் திரும்ப மாட்டிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் போனேன். தங்கை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டேன்! உன் ஆளு லட்சணத்தைப் பாத்துட்டேன். அது ஆக்சிடென்ட் ஆன கார். வெட்டி ஒட்டி வச்சிருக்கான். உன்கிட்ட சொன்னானா?"

"சொன்னாரு" என்றாள், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வலை போடணும்னு அவருக்கு ஒண்ணும் ஆசை இல்லண்ணே. நாந்தான் அனுப்பினேன். வலை போடணும்னா முன்பக்கத்தைக் கழட்டணும்ல? கழட்டினா நீ சும்மா இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். எதுக்கு அனுப்பினேன்னு அவருக்குத் தெரியாது."

அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுச் சொன்னாள். இவளுக்கு முன்பே அவனுக்கு வேறொரு பெண்ணை நிச்சயம் பண்ணியிருந்தார்களாம். அந்தப் பெண்ணை இதே காரில் பக்கத்தில் உட்காரவைத்து ஃபெடரல் ஹைவேயில் போகும்போது நல்ல மழை. முன்னால் ஒரு லோரி பிரேக்டவுன் ஆகி, விளக்கில்லாமல் நடுரோட்டில் நின்றிருக்கிறது.

"அவர் சொல்றாரு, வண்டியை இடது பக்கம் ஒடிச்சேன், லோரி என் பக்கத்துல இடிச்சது, அந்தப் பொண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லைன்னு. ராசியில்லாதவன்னு பொண்ணு வீட்டுல கல்யாணத்தை நிறுத்திட்டாங்களாம். ஆனா கிளினிக்குக்கு வர்ற ஒரு ஆன்டி வேற மாதிரி சொல்றாங்க. பயத்துல வலது பக்கம் ஒடிச்சு, அவ உக்காந்திருந்த பக்கத்தை லோரிமேல விட்டுட்டு இவன் தப்பிச்சுக்கிட்டான், அதனாலதான் கல்யாணம் நின்னுச்சுன்னு. நான் யாரை நம்புறது? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சத்தியம் பண்றாங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த சீட்ல இனிமே நான்தான் உக்காரணும். எந்தப் பக்கம்ணே அடி?"

இடது பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அழுதிருப்பாள், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பாள், பிறகு வழக்கம்போல எனக்குச் சோறு போட்டிருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் விரல் இப்போதுதான் தடவிப் பார்த்த இரும்பு அது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வலது பக்கம். அவன் உக்கார்ற பக்கம். இடது பக்கம் கம்பெனியில வந்தபடியே இருக்கு."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நெசமாவா? நான் ஆசைப்படறேன்னு தெரிஞ்சுக்கிட்டு, பாவம்னு சொல்றியா?"

"அடிப்பாவி! நானா? அவனுக்காக நான் பொய் சொல்வேனா?"

"முன்னால நின்னு பாத்தா வலது இடதா மாறும்ல? நீ எந்த வலதைச் சொல்ற?"

"ஸ்டீரிங் பக்கம்டி! ஸ்டீரிங்!"

"நீ கத்துறதைப் பாத்தாத்தான் சந்தேகமா இருக்கு" என்றாள்.

மீனை அப்படியே விட்டுவிட்டு அவளைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நானே மாட்டிய பம்பரை நானே திட்டிக்கொண்டு மறுபடி கழற்றினேன். காயாத பசை கையெல்லாம் ஒட்டியது. டார்ச்சை அவளிடம் கொடுத்தேன். நான் காட்டுவதற்கு முன்பே அவள் உள்ளே போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்து, தன் வலது கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். பிறகு இறங்கி வந்து அந்தப் பக்கத்தில் குந்தினாள்.

"எது கையால அடிச்ச வெல்டிங்?"

காட்டினேன். விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். நெளிந்த சட்டத்தைக் கீழிருந்து மேல்வரை தொட்டுப் பார்த்தாள். இடது பக்கம் போய் அந்தச் சின்னப் பொட்டுகளையும் தடவினாள். மறுபடி வலது பக்கம் வந்தாள். நான் தள்ளியே நின்றேன். சொன்னால்தான் நம்ப மாட்டாளே.

ஸ்டீரிங்குக்கு நேரே சட்டம் ரொம்ப நசுங்கியிருந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணை நினைத்தாளோ, அவனை நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. எழுந்தபோது கை முழுக்கக் கறுப்பு. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தேதி பாருண்ணே" என்றாள்.

நான் பம்பரைத் தூக்கி மாட்டத் தொடங்கினேன். ஸ்க்ரூ ஒன்றும் துவாரத்தில் சரியாக உட்காரவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. தங்கை குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் இரும்புத் தூள் விழுந்துவிட்டது என்றேன். அதையும் அவள் நம்பவில்லை.