பெரியப்பாவின் கம்பளி

கப்பல் பயணத்துக்கான சூட்கேஸில் ஸ்வெட்டரை வைத்தபோது அந்துருண்டை வாசனை அடித்தது. வெயில், மழை, பனி மூன்றுக்கும் துணி எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள். உடனே பெரியப்பாவின் மூஞ்சிதான் ஞாபகம் வந்தது.

எங்கள் சாதிச் சனம் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய வருஷம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போய் இரண்டு நாள் தங்க, அவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கம்பளி அடைத்தார். மறியலுக்காக மலைச்சாலையில் புளியமரத்தை வெட்டிப் போடச் சொன்ன மகாபுத்திசாலியும் அவரேதான். எங்கள் கார் அந்த மரத்தின் முன்னாலேயே நின்றது. பண்ணையாள் ஏழுமலை பெட்டியைத் தலையில் சுமந்து மலை ஏறினார். அவரும் எங்கள் சனம்தான். வெறுங்கையோடு வந்த பெரியப்பா, உச்சி வெயிலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, "நம்ப சனம் முன்னுக்கு வரணும்டா" என்று எனக்குப் பிரசங்கம் செய்தார்.

மலையில் சாயங்காலமே ஏழுமலை வெற்றுடம்போடு நடுங்கினார்.

"அவருக்கு ஒரு ஸ்வெட்டரு குடுங்க பெரிப்பா."

"அவன் இப்டியே இருந்துகினு பழகிட்டான்டா. நமக்குத்தான் ஒடம்பு தாங்காது." சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார்.

சூட்கேஸை அசைத்துப் பார்த்த மனைவி, "இன்னாங்க இவ்ளோ கனம், யாரு தூக்கறது?" என்றாள்.

"கப்பல்ல அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிப் பூட்டினேன்.