கண்ணாடி அக்காவின் இரண்டு வார்த்தைகள்

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பாள். சரியில்லை என்றால் இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்வாள். கை தவறி வந்தது 'குறை', பிரித்துத் தைக்கலாம். தவறு என்று தெரிந்தும் மூடி மறைத்தது 'குற்றம்'; தைத்தவள் அன்றே வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். அவள் சொன்னால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார்.

அன்று மேசைக்கு வந்த சட்டைக் கட்டு, புதிதாகச் சேர்ந்த சின்னவளுடையது. சின்னவள் யார்? கண்ணாடி அக்காவின் புருஷனைத் தட்டிக்கொண்டு போனவள்! பிறகு அவன் அவளையும் விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஒரு கைக்குழந்தையும் இந்த வேலையும்தான் அவளுக்கு மிச்சம்.

கட்டு முழுக்க வலது கை இடப்பக்கமும், இடது கை வலப்பக்கமும் ஏறியிருந்தன.

"தொலைஞ்சா இன்னிக்கு," என்றாள் பட்டன் தைப்பவள். "அக்கா இந்தச் சட்டைக்குத்தானே இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தாங்க!"

"உன் வாய்க்கு முதல்ல பட்டன் வெச்சுத் தைக்கணும்டி," என்றாள் பக்கத்து மெஷின்காரி.

சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா, குறையா, குற்றமா? குற்றம்னா இப்பவே அனுப்பிடறேன்."

கண்ணாடி அக்கா தோள் தையலைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே ஒரு வார்த்தை! ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தாள். கடைசிச் சட்டையையும் பார்த்தாள்.

"குறை," என்றாள். "சுருக்கம் தெரியக்கூடாதுன்னு இஸ்திரி போட்டு அமுக்கல. ஒட்டுப் போட்டும் மறைக்கல. தெரியாமத்தான் மாத்தி வெச்சிருக்கா. பிரிச்சுத் தைக்கட்டும்."

சின்னவள் ஓடிவந்து அவள் காலில் விழுந்தாள். "அக்கா! என்னை மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"யார் சொன்னது?" என்றாள் கண்ணாடி அக்கா. "சட்டையில இருக்கறதுதான் குறை. நீ எனக்குப் பண்ணினது குற்றம். தெரிஞ்சே பண்ணின. என் வீட்டுக்கே வந்து சிரிச்சுப் பேசிக்கிட்டே மறைச்ச. அதுக்கு என்கிட்ட மன்னிப்பு கிடையாது. ஆனா அதுக்கான வார்த்தையை இந்தச் சட்டை மேல சொல்லமாட்டேன். எழுந்திரு, வேலையைப் பாரு."

கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. இப்படிப் பற்றி எரியும் நெஞ்சோடு, ஒரு வார்த்தையை அது சேரவேண்டிய இடத்தில் மட்டும் வைக்க ஒரு மனுஷியால் முடியுமா? முடிந்ததே! அத்தனை பேர் கண்ணெதிரே முடிந்ததே!

சின்னவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து முதல் சட்டையின் கையைப் பிரிக்கத் தொடங்கினாள். கண்ணாடி அக்கா அடுத்த கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதை உடனே அவிழ்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, ஒரு துண்டுத் துணியால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.